மேடையில் மனமறி வித்தை தவறும்போது: அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

பார்வையாளர் மனத்தில் உள்ளதை அறிந்துவிட்டதுபோல் காட்டும் மனமறி வித்தையை, அதாவது மென்டலிசத்தை, பழகும் கலைஞருக்கு ஒரு நிகழ்ச்சி சரியாக அமையாதபோது, கையில் உள்ள உத்தியை ஒதுக்கிவிட்டு இன்னொன்றை வாங்க வேண்டும் என்ற எண்ணமே முதலில் வருகிறது. பெரும்பாலும் அது வீண் செலவு. இந்த உத்திகளில் பல, ஆங்கிலத்தில் எழுதிப் பழகிய, ஒருவரையொருவர் அறியாத பார்வையாளர்கள் வந்து அமரும் அரங்குகளுக்காக உருவானவை. அவற்றைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பள்ளி ஆண்டுவிழாவுக்கும் திருமண வரவேற்புக்கும் திருவிழா மேடைக்கும் கொண்டுவரும்போது, உத்தியின் அடியில் யாரும் சொல்லாமல் கிடந்த ஏதோ ஒரு நிபந்தனை உடைந்துபோகிறது. அந்த நிபந்தனை எது என்று தெரிந்தால் பழுதைச் சரிசெய்யலாம். தெரியாவிட்டால் அடுத்து வாங்கும் பொருளிலும் அதே பழுதுதான் காத்திருக்கும்.

சோதிக்கும் வரிசை முக்கியமானது. முதலில் இடத்தையும் வெளிச்சத்தையும் பாருங்கள். அடுத்து மேடைக்கு வந்த ஆளையும், அவரிடம் நீங்கள் சொன்ன சொற்களையும் பாருங்கள். கைவேலையைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். நிகழ்ச்சியை முழுமையாகக் கைபேசியில் பதிவு செய்திருந்தால்தான் இது முடியும். நினைவை நம்பி ஆராய்பவர் தாம் சொல்லாத சொற்களையும் சொன்னதாகவே நினைத்துக்கொள்வார்.

அறிகுறி: சீட்டை மறைவாகப் பார்த்தாயிற்று, ஆனால் படிக்க முடியவில்லை

இந்தப் பகுதியில் மிக அதிகமாகக் காணப்படும் பழுது இதுவே. பார்வையாளர் ஒரு பெயரை எழுதி மடித்துத் தருகிறார். கலைஞர் அதைக் கிழித்துப்போடுவதுபோல் காட்டி நடுத்துண்டைக் கையில் தக்கவைத்துக்கொள்கிறார். பிறகு ஏதோ ஒரு சாக்கில் அதைப் படிக்கிறார். இந்த உத்தி எழுத்து நடுவில் இருக்கும், சிறியதாக இருக்கும், கலைஞருக்குத் தெரிந்த எழுத்தாக இருக்கும் என்ற மூன்று நிபந்தனைகளின் மேல் நிற்கிறது. மூன்றும் இங்கே ஆட்டம் காண்கின்றன.

முதலில், எழுதப்பட்டது தமிழ்தானா என்று பாருங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, வேப்பனப்பள்ளி பக்கங்களில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் ஏராளம். கிருஷ்ணகிரி நகரில் உருதும் உண்டு. மேடையில் சரளமாகத் தமிழ் பேசியவர், மனத்துக்கு நெருக்கமான ஒருவரின் பெயரை எழுதச் சொன்னதும் தாம் பள்ளியில் படித்த எழுத்தில் எழுதிவிடுவார். வட்ட வட்டமான கன்னட எழுத்துகள் உள்ள துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல் நிற்கும் நிலை எந்தக் கலைஞருக்கும் வரக் கூடாது. “தமிழில் எழுதுங்கள்” என்று வெறுமனே கட்டளையிட்டால், படிப்பதற்காகத்தான் கேட்கிறார் என்ற ஐயம் எழும். “கடைசியில் இதை இங்குள்ள எல்லோரும் பார்த்து உறுதி செய்ய வேண்டும், ஆகையால் அனைவரும் படிக்கும்படி தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள்” என்று சொன்னால் அதே கட்டளைக்கு ஒரு நியாயமான காரணம் கிடைத்துவிடுகிறது. ஆனால் கிழித்துப்போடும் உத்தியில் கடைசியில் காட்டச் சீட்டு இருக்காது என்பதால், இந்தச் சொற்களைச் சீட்டு முழுதாக எஞ்சும் உத்திகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிழிக்கும் உத்தியை எல்லைப்புற ஊர்களில் செய்வதாக இருந்தால் பெயருக்குப் பதிலாக எளிய படம் ஒன்றை வரையச் சொல்வது பாதுகாப்பானது. படத்துக்கு மொழி கிடையாது.

அடுத்தது நீளம். சீட்டின் நடுவே சிறிய வட்டம் வரைந்து அதற்குள் எழுதச் சொல்வது வழக்கம். ‘ராம்’ என்ற பெயர் அதற்குள் அடங்கும், ‘வெங்கடேசப்பெருமாள்’ அடங்காது. வீட்டில் ஒரு சீட்டை எடுத்து அந்தப் பெயரையே எழுதி, மடித்து, வழக்கம்போல் கிழித்துப் பாருங்கள். நடுத்துண்டில் ‘கடேசப்பெரு’ மட்டும் எஞ்சியிருந்தால் வட்டத்தை விட்டுவிட்டு, அகலமான சீட்டில் படுக்கைவாட்டில் ஒரு நீள்வட்டம் வரையுங்கள். மடிப்பும் அந்த நீள்வட்டத்தைத் தாண்டித்தான் கிழிபட வேண்டும். முன்னெழுத்தை எழுத வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, பார்வை போதவில்லை என்ற நிலை. அரை நொடிப் பார்வையில் முதல் எழுத்தைப் பிடித்து மீதியை ஊகிக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. இந்த மாவட்டங்களில் அது நிச்சயமாகக் கைவிடும். எல்லைக்கு அப்பால் மலையில் கோயில் கொண்டுள்ள மாதேஸ்வரரின் பெயரால் இங்கே மாதையன், மாதப்பன், மாதேஷ், மாதம்மாள் என்று வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். ‘மாத’ என்பதைக் கண்டதும் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஆகவே இங்குள்ளவர்கள் பெயரின் வாலைப் பார்க்கப் பழக வேண்டும். கடைசி இரண்டு எழுத்துகளும் மொத்த நீளமும் தெரிந்தால், தலைப்பகுதியைப் பேச்சிலேயே வாங்கிவிடலாம். பார்ப்பதற்கான சாக்கும் ஒழுங்காக இருக்க வேண்டும். மார்க்கர் பேனாவை எடுக்கப் பெட்டிக்குள் குனிவது இயற்கையாக இருக்கும். காரணமே இல்லாமல் தலை தாழ்ந்தால் முன்வரிசைச் சிறுவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

அறிகுறி: விடை சரி, ஆனால் கைதட்டல் இல்லை

இதைக் கைதட்டாத ஊர் என்று எண்ணி விட்டுவிடுபவர்கள் அதிகம். பதிவை மறுபடி பாருங்கள். விடை வெளியாகும் நொடிக்கு முன்பே பார்வையாளர்கள் அதை ஊகித்திருப்பார்கள்.

மனம் போகும் வழியைக் கணக்கிட்டு விடையைத் திணிக்கும் உத்திகளில் இது தவறாமல் நேர்கிறது. “ஒரு பழத்தை நினையுங்கள்” என்று மாங்கனிக் கண்காட்சி நடக்கும் கிருஷ்ணகிரியில் கேட்டால் மாம்பழம் வரும். “ஒரு காய்” என்று இராயக்கோட்டையிலோ பாலக்கோட்டிலோ கேட்டால் தக்காளி வரும். ஓசூரில் மலர் என்றால் ரோஜா வருவதற்கு வாய்ப்பு மிகுதி. உத்தி வேலை செய்கிறது. அளவுக்கு மீறி வேலை செய்கிறது. அரங்கில் உள்ள எல்லோரும் அதையே நினைத்திருக்கும்போது, நீங்கள் உறையைத் திறந்து மாம்பழப் படத்தைக் காட்டுவதில் வியக்க எதுவும் இல்லை. விருந்துக்கு வந்தவரிடம் சோறு பரிமாறப்படும் என்று ஆரூடம் சொல்வதைப் போன்றது அது.

நீக்கும் முறை: எந்தக் கேள்வியைப் பயன்படுத்தப் போகிறீர்களோ அதை நிகழ்ச்சி நடக்கும் ஊரிலேயே, நிகழ்ச்சிக்குத் தொடர்பில்லாத முப்பது நாற்பது பேரிடம் முன்கூட்டியே கேட்டு, விடைகளைத் தாளில் எழுதி வையுங்கள். பாதிப்பேருக்கு மேல் ஒரே விடை சொன்னால் அந்தக் கேள்வி உச்சக்கட்டத்துக்கு ஆகாது. தொடக்கத்தில் எல்லோரையும் சேர்த்துச் சிரிக்க வைக்கும் விளையாட்டாக வைத்துக்கொள்ளலாம். மூன்றில் ஒருவர் சொல்லும் விடைதான் பயனுள்ளது. அதையும் தவறினால் வேறு வழி உள்ள இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.

எண் திணிப்பிலும் இதே குறை உண்டு. “ஒன்றுக்கும் ஐம்பதுக்கும் இடையே ஈரிலக்க எண், இரண்டும் ஒற்றைப்படை, ஒன்றுக்கொன்று வேறானவை” என்று கேட்டால் 37 வரும் என்று எல்லா இடங்களிலும் கற்றுத்தருகிறார்கள். நிபந்தனைக்கு உட்பட்ட எண்களை எழுதிப் பாருங்கள்: 13, 15, 17, 19, 31, 35, 37, 39. மொத்தமே எட்டு. எதையும் திணிக்காமல் ஊகித்தாலும் எட்டில் ஒருமுறை சரியாகும். கணக்கு ஆசிரியர் ஒருவர் அரங்கில் இருந்தால் அவருக்கு இது உடனே தெரிந்துவிடும். மேலும் இந்த உத்தி வேகத்தில்தான் உயிர்வாழ்கிறது. “ஒற்றைப்படைன்னா எது சார்?” என்று மேடையில் ஒருவர் கேட்டுவிட்டால், நின்று நிதானமாக யோசித்து 19 என்பார்.

கைதட்டல் வராததற்கு இன்னொரு காரணம், வெளிப்படுத்தும் முன் நிகழ்ந்ததைத் தொகுத்துச் சொல்லாமல் விடுவது. உறை எப்போதிலிருந்து யார் கையில் இருந்தது, யார் எதைத் தாமாகத் தேர்ந்தார் என்பதைப் பின்வரிசைக்கும் கேட்கும்படி ஒருமுறை சொல்லி, சற்று நிறுத்தி, பிறகு திறக்க வேண்டும். பெரும்பாலான உள்ளூர்ப் பதிவுகளில் இந்த நிறுத்தமே இல்லை.

அறிகுறி: “முன்னாடியே பேசி வெச்ச ஆளுதானே” என்ற முணுமுணுப்பு

முதலில், மேடைக்கு வந்தவர் யார் என்று பாருங்கள். விழாக்குழுவினர் கைகாட்டிய ஆள் அல்லது முன்வரிசை உறவினர் வந்திருந்தால், உத்தி எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் பழி ஒட்டிக்கொள்ளும். காகிதத்தைக் கசக்கிப் பந்தாக்கிப் பின்பக்கமாக எறிந்து, பிடித்தவர் இன்னொருவருக்கும் அவர் வேறொருவருக்கும் எறியும்படி செய்தால், தேர்வு உங்கள் கையைவிட்டு மூன்று கை தள்ளிப்போய்விடுகிறது.

முன்விசாரணை என்ற உத்தி இங்கே தனியாக எடைபோட வேண்டியது. பார்வையாளர் பற்றிய செய்தியை நிகழ்ச்சிக்கு முன்பே திரட்டி, மேடையில் அறிந்ததுபோல் சொல்லும் முறை பெருநகர விடுதி அரங்கில் பிடிபடாது; ஏனெனில் அங்கே வந்தவர்கள் கலைந்து போனபின் மறுபடி சந்திப்பதில்லை. பாப்பிரெட்டிப்பட்டியிலோ ஊத்தங்கரையிலோ அப்படி அன்று. காலையில் தேநீர்க் கடையில் நீங்கள் விசாரித்தது மாலைக்குள் விசாரிக்கப்பட்டவரின் காதுக்கே போயிருக்கும். மேடையிலேயே காதோடு சொல்லி ஒருவரை உடந்தையாக்கிக்கொள்ளும் குறுக்குவழியும் இப்படித்தான். அவர் கடைசிப் பேருந்தில் ஏறி வீடு போவதற்குள் உடன் வருபவர்கள் அனைவருக்கும் கதை தெரிந்துவிடும். அடுத்த ஆண்டும் அதே ஊருக்கு அழைக்கப்பட விரும்புபவர் இவ்விரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

அறிகுறி: விடையே தவறிவிட்டது

கணக்கு சார்ந்த உத்தியானால் முதலில் கணக்கைச் சரிபாருங்கள். பலரும் செய்யும் 1089 வித்தையை எடுத்துக்கொள்வோம். மூன்றிலக்க எண் ஒன்றை எழுதி, திருப்பி எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, வந்த விடையைத் திருப்பி எழுதிக் கூட்டினால் 1089 வரும். மேடையில் 198 வந்துவிட்டதா? பார்வையாளர் தேர்ந்த எண்ணின் முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் வேறுபாடு ஒன்றாக இருந்திருக்கும்; கழித்தால் 99 வரும்; அதை 099 என்று கொண்டு 990 எனத் திருப்ப வேண்டிய இடத்தில் அவர் 99 என்றே திருப்பிக் கூட்டியிருப்பார். விடை பூச்சியமா? முதலும் கடைசியும் ஒரே இலக்கம். ஆகவே “முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் குறைந்தது இரண்டாவது வேறுபடட்டும்” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வேறு விடை வந்தால் கழித்தலில் கடன் வாங்கியதில் பிழை; கைபேசிக் கணிப்பானைக் கொடுத்தால் அது தீரும். பள்ளிகளில் இந்த வித்தையைக் கணித மன்றங்களிலேயே செய்துகாட்டுகிறார்கள் என்பதால், அங்கே மனமறி வித்தையாக இதைச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பார்வையாளர் தாமாகத் தேர்ந்ததுபோல் காட்டி, நாம் விரும்பிய பொருளில் கொண்டுவந்து நிறுத்தும் உத்தி தவறினால், பழுது சொற்களில்தான் இருக்கும். பார்வையாளர் தொட்ட பொருளை முதல் சுற்றில் வைத்துக்கொள்வதும் அடுத்த சுற்றில் ஒதுக்குவதுமாக மாறுவதை எல்லோரும் கவனிப்பார்கள். “இரண்டின் மேல் கை வையுங்கள்” என்று எப்பக்கமும் சாயாத சொல்லோடு தொடங்கி, அடுத்த சுற்றில் “ஒன்றை என் கையில் கொடுங்கள்” என்று செயலையே மாற்றிவிட்டால் முரண்பாடு தெரியாது. இரு முடிவுகளுக்கும் உரிய வாக்கியங்களைத் தாளில் எழுதி மனப்பாடம் செய்யுங்கள்; நான்கைந்து பொருள்களுக்கு மேல் வைக்காதீர்கள்; ஒரே நிகழ்ச்சியில் இரண்டாம் முறை செய்யாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் எப்போதாவது விடை தவறத்தான் செய்யும். அதை அச்சமின்றி ஏற்கலாம். போலந்தில் பிறந்து 1950-களில் பிரிட்டன் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற சான் கனாஸ்டா, தம் முயற்சிகள் சில தவறக்கூடும் என்பதை மறைத்ததே இல்லை; அந்தத் தவறுகளே மற்றவை தந்திரமல்ல என்ற எண்ணத்தைப் பார்வையாளரிடம் வளர்த்தன. எழுத்து ஒன்று பிசகினால் “கிட்ட வந்தேன், பிடிபடவில்லை” என்று சொல்லிவிட்டு உறுதியான அடுத்த உருப்படிக்குப் போய்விடுங்கள். நிகழ்ச்சியின் கடைசி உருப்படியில் மட்டும் இந்தத் தாராளம் கூடாது.

அறிகுறி: ஒத்திகையில் வந்தது, மேடையில் வரவில்லை

இது பெரும்பாலும் தசையசைவைப் படித்து ஒளித்த பொருளைக் கண்டுபிடிக்கும் உத்தியில் வரும். தாம் அறியாமலே உடல் எண்ணத்தின் பக்கம் நகரும் என்பதை 1852-இல் உடலியலாளர் வில்லியம் கார்ப்பென்டர் விளக்கினார். 1880-களில் வாஷிங்டன் இர்விங் பிஷப்பும் ஸ்டூவர்ட் கம்பர்லேண்டும் அதை மேடைக் கலையாக்கிப் புகழ்பெற்றனர். அமெரிக்க மென்டலிசக் கலைஞர் கிரெஸ்கின் தம் சம்பளக் காசோலையையே அரங்கில் ஒளிக்கச் சொல்லி, கண்டுபிடிக்காவிட்டால் இழப்பதாக அறிவித்துத் தேடினார்.

இந்த ஊர் மேடைகளில் பழுது இரண்டு இடங்களில் இருக்கிறது. கூட்டத்தினர் “அந்தப் பக்கம், அந்தப் பக்கம்” என்று கத்தினால் பார்வையாளரின் கவனம் சிதறி, அவரது கை எதையும் சொல்லாது. தேடத் தொடங்கும் முன் கூட்டத்தை அமைதியாக்க வேண்டும். மற்றொன்று தொடுகை. ஆண் கலைஞர் பெண் பார்வையாளரின் மணிக்கட்டைப் பிடித்தால் அரங்கில் சங்கடம் பரவும். அவரும் கையை விறைப்பாக வைத்துக்கொள்வார். கைக்குட்டையின் இரு முனைகளை இருவரும் இழுத்துப் பிடித்தபடி நடந்தால் தயக்கம் நீங்கும். அசைவு அதன் வழியாகவும் தெரியும், ஆனால் அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். கையில் தொங்கும் ஊசல் எண்ணத்தின் பக்கம் ஆடும் வித்தையாக இருந்தால் திருமண மண்டபத்தின் மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

ஒத்திகையில் பார்த்தவர்கள் யார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். படித்தவர் பார்த்து வியந்தார் என்பது உத்தியின் தரத்துக்குச் சான்றன்று. 1979 முதல் சில ஆண்டுகள், மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி ஏற்பாடு செய்த இரண்டு இளம் வித்தைக்காரர்கள், அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் அறிவியலாளர்களையே தங்களுக்கு மனோசக்தி உண்டு என்று நம்பவைத்தனர். உங்கள் உத்தியை எடைபோடத் தகுந்தவர் இன்னொரு மேஜிக் கலைஞர், அல்லது எதையும் நம்பாத எட்டாம் வகுப்புச் சிறுவன்.

அறிகுறி: வாங்கிய கிம்மிக் (மறைவான வித்தைக் கருவி) விளம்பரக் காணொளியில் கண்டபடி இல்லை

பணம் கொடுக்கும் முன் காணொளியை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். எழுதும் காட்சிக்கும் வெளிப்படுத்தும் காட்சிக்கும் இடையே வெட்டு இருந்தால் அங்கே நடப்பது எதையோ மறைக்கிறார்கள். எத்தனை பேர் சூழ்ந்து நிற்கிறார்கள், எந்தப் பக்கம் யாருமே இல்லை என்பதையும் பாருங்கள். நகத்தில் ஒட்டி மறைவாக எழுதும் கருவி எண்களுக்கு நன்றாக உதவும்; சுழியும் கொம்பும் உள்ள தமிழ் எழுத்துகளுக்கு உதவாது. கைபேசிச் செயலிகள் பல, பார்வையாளர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வார் என்று எண்ணி உருவானவை. இணையம் தேவைப்படும் செயலியானால் ஒகேனக்கல், அஞ்செட்டி பக்கத்து மலையூர்களில் சிக்னல் இருக்குமா என்பதை விழாக்குழுவிடம் முன்பே கேட்டறியுங்கள்.

அறிகுறி: நிகழ்ச்சி முடிந்தபின் குறி கேட்க வருகிறார்கள்

இது வெற்றியின் அடையாளம் போல் தோன்றும், ஆனால் பழுதுதான். “அண்ணா, என் தங்கச்சி வளையல் காணாம போயிடுச்சு, யார் எடுத்தாங்கன்னு சொல்லுங்க” என்று ஒருவர் வந்து நின்றால், நீங்கள் வாயைத் திறந்து சொல்லும் எந்தப் பெயரும் ஒரு குடும்பச் சண்டைக்குத் தொடக்கமாகலாம். கோடாங்கி உடுக்கையடித்துச் சொல்வதையும் வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பதையும் கண்டு வளர்ந்தவர்களுக்கு, மேடையில் பெயரைச் சொன்னவர் கள்ளனின் பெயரையும் சொல்வார் என்று தோன்றுவது இயல்பே.

எந்தச் சொல் இந்த நம்பிக்கையை உண்டாக்கியது என்று பதிவில் தேடுங்கள். பொதுவாகப் பேசி ஆளை அளந்து குணம் சொல்லும் பகுதியில்தான் அது இருக்கும். 1948-இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 39 மாணவர்களுக்கு ஒரே குணக்குறிப்பைத் தனித்தனியாக எழுதியதுபோல் கொடுத்தபோது, அவர்கள் சராசரியாக ஐந்துக்கு நான்குக்கும் மேல் மதிப்பெண் இட்டனர். அவ்வளவு வலிய கருவி அது. “வெளியே சிரித்தாலும் உள்ளே ஒரு கவலை இருக்கிறது” என்ற ஒரு வாக்கியமே கடன்பட்ட விவசாயியை உங்கள் காலடிக்குக் கொண்டுவந்துவிடும். கவலை, நோய், இறந்தவர், திருமணத் தடை ஆகிய நான்கையும் உங்கள் பேச்சிலிருந்து நீக்குங்கள். நண்பரின் பெயர், பிடித்த ஊர், பள்ளிப் பருவ நினைவு ஆகியவற்றோடு நில்லுங்கள்.

தொடக்க உரையில் “இது பயிற்சியால் வரும் கலை, எனக்கு அருளும் இல்லை, சக்தியும் இல்லை” என்று சொல்வதால் சுவை குறையும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. கோவை போத்தனூரில் வாழ்ந்த பகுத்தறிவாளர் பிரேமானந்த், வித்தைகளைச் செய்துகாட்டிவிட்டு அவை தந்திரமே என்று விளக்கியே பல்லாண்டுகள் ஊர் ஊராகக் கூட்டம் சேர்த்தார். நீங்கள் உத்தியை விளக்க வேண்டியதில்லை; சக்தியை மறுத்தால் போதும். நோய் தீர்ப்பதாக ஒரு சொல்லோ துண்டறிக்கையில் ஒரு வரியோ வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மந்திர சக்தியால் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது.

அதன் பிறகும் வந்து கேட்பவரிடம் கூட்டத்தின் நடுவே மறுப்புச் சொல்லி அவரைத் தலைகுனிய வைக்காதீர்கள். ஓரமாக அழைத்துச் சென்று, “ஐயா, சீட்டில் எழுதினதை அறியிறதுக்குத்தான் எனக்கு வழி தெரியும், மத்தது எதுவும் தெரியாது” என்று சொல்லுங்கள். காணாமற்போன நகைக்கு அருகிலுள்ள காவல் நிலையத்தில் மனு கொடுக்கச் சொல்லுங்கள். அவர் நீட்டும் வெற்றிலை பாக்கோடு பணம் இருந்தால், பணத்தை அவர் கையிலேயே திருப்பி வைத்துவிடுங்கள்.